பரேலுக்குப் போய் வந்த நாட்கள்

நம் சங்கத்தின் மாத இதழில் தலயாத்திரைக் கட்டுரையும் ஆண்டு விழா நிகழ்ச்சிகளும் படித்துப் பழகிய அன்பர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் சற்றே கசப்பாக இருக்கக்கூடும். நானும் எழுத்துக் கலை அறிந்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதி எழுத்தனானவன். நாள் முழுதும் எழுதுவது வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும்தான். ஆயினும் சென்ற இரண்டு ஆண்டுகளில் நம் சங்கத்து அன்பர்கள் ஐந்தாறு பேர் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, "உங்கள் வீட்டில் அந்த வியாதிக்கு வைத்தியம் பார்த்தீர்களாமே, எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மாடிப்படியில் நின்று சொன்னதை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் அக்காளிடம் அனுமதி கேட்டேன். "எழுது தம்பி. என் பெயரை மட்டும் போடாதே. ஊர்ப் பெயரும் வேண்டாம்" என்றாள்.

ஆகவே தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் தாயார் காலமானபோது எனக்கு வயது ஏழு. அதற்குப் பின் எனக்குத் தலைவாரி விட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும் அவளே. மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிய கூலியில் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினாள். ரயில்வேத் தேர்வுக்கு நான் முதன்முதலாகச் சென்னைக்குப் போனபோது கையில் இருந்த பணமும் அவள் சுற்றிய பீடியின் பணந்தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்ட கடனைத் தீர்க்கும் ஆத்திரத்தில் மனிதன் செய்யும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை நானும் செய்தேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் இரவு என் மனைவி என்னைக் கொல்லைப்புறம் அழைத்து, "மதினிக்கு உடம்பில் ஏதோ கோளாறு இருக்கிறது. துவைத்துக் காயப்போடும் துணியைப் பார்த்தேன். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆயிற்று என்றார்கள். இப்பொழுது எட்டு மாதமாக உதிரம் போகிறதாம்" என்றாள். எட்டு மாதம்! கணவரிடம் சொல்லவில்லை, மணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கும் மகளிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று தானே தீர்மானித்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். பிறகு ஒரு மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கியிருக்கிறாள். அந்தக் கடைக்காரரும் வயதைக் கேட்காமல், டாக்டரிடம் போகச் சொல்லாமல், மூன்று முறை அதே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். மாதவிலக்கு அடியோடு நின்ற பெண்ணுக்கு மறுபடி ஒரு துளி உதிரம் கண்டாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இதைப் படிக்கும் சகோதரிகள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதிப் பக்கங்களைப் புரட்டிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஒரு சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. கருப்பை வாயில் புற்றுநோய்.

இங்கே என் முதல் தவறு. "மும்பைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாரையும் கேளாமல் முடிவு செய்துவிட்டேன். மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவமனைகளிலேயே கதிர்வீச்சுச் சிகிச்சை இருப்பதையும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்நோய்க்கு இடமிருப்பதையும் பின்னரே அறிந்தேன். தன் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடத்தில் சிகிச்சை கிடைத்தால் நோயாளிக்கு அதுவே பாதி ஆறுதல். பெரிய நகரத்தில் தம்பி இருக்கிறான் என்பது ஒரு காரணமே ஆகாது. ஆனால் அன்று எனக்குப் பரேலைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையைப் பற்றி நம் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வரலாறு சிறிது சொல்லலாம். சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அந்தத் துயரத்தின் வழியாகப் பிறந்த எண்ணமே இம்மருத்துவமனை. அது 1941 பிப்ரவரி 28-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1962-இல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு வந்தது. நம் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் இவ்வாறே பிறந்தது. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அது தொடங்கியது. ஒரு மனைவியும் ஒரு தங்கையும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே இவ்விரண்டுக்கும் வித்திட்டார்கள் என்பதைப் பரேலின் நீண்ட வரிசைகளில் நிற்கும்போது பலமுறை எண்ணிக்கொண்டேன்.

ஜூன் முதல் வாரம் அக்காளும் அத்தானும் நாகர்கோவில் விரைவு வண்டியில் கல்யாண் வந்து சேர்ந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறையை அக்காளுக்கு விட்டோம்.

அத்தான் வண்டியை விட்டு இறங்கியவுடன் என்னிடம் சொன்னது இது: "மாப்பிள்ளை, அவளுக்கு என்ன நோய் என்று தெரியக்கூடாது. கர்ப்பப்பையில் புண் என்று சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவாள்." ஊரிலுள்ள பெரியவர்களும் அதையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் சம்மதித்தேன், பெரியவர் பேச்சு, தவிர எனக்கே அதைச் சொல்லும் துணிவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. டாக்டர் அறைக்குள் போகுமுன் நான் முந்திக்கொண்டு உள்ளே போய், "நோயாளிக்குத் தெரியாது" என்பேன். கோப்பை நானே பிடித்துக்கொள்வேன். தொலைபேசியில் பேசும்போது மொட்டை மாடிக்குப் போவேன். அக்காள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைக் கண்டு நாடகம் வெற்றி என்று எண்ணியது என் அறியாமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் காய்கறி வாங்கப் போயிருந்தேன். அப்பொழுது பத்து வயதான என் மகளை அக்காள் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தத் தாளை அத்தைக்குப் படித்துக் காட்டு கண்ணு" என்று கேட்டிருக்கிறாள். குழந்தை ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி "கார்சினோமா" என்று படித்து, பொருள் தெரியாமல், நான் வந்தவுடன் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும், "அப்பா, கார்சினோமா என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு நாக்கு எழவில்லை.

அக்காள்தான் பேசினாள். "தம்பி, டாட்டா ஆஸ்பத்திரி என்றால் என்ன ஆஸ்பத்திரி என்று நம் ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தலையில் மயிர் இல்லை, மூக்கில் குழாய் இருக்கிறது. எனக்கு மட்டும் புண்ணா? ஊரில் சதையை எடுத்த அன்றைக்கே அந்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் இருவரும் பயந்து போயிருந்தீர்கள். உங்களைத் தேற்றத் தெரியாமல் சும்மா இருந்தேன்."

அதாவது, நாங்கள் அவளைக் காப்பதாக எண்ணிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அவள் தனியாகவே அந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறாள். அதோடு எங்கள் பயத்தையும் சேர்த்து.

மறுநாள் டாக்டரிடம், "எனக்கே சொல்லுங்கள்" என்று அக்காள் கேட்டாள். அந்த இளம் டாக்டருக்கு இந்தியும் மராத்தியும்தான் தெரியும், நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நோய் இரண்டாம் நிலையின் பிற்பகுதி. கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் பரவியிருக்கிறது, இடுப்புச் சுவர் வரை போகவில்லை, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை என்றார். அறுவை ஏன் இல்லை என்று கேட்டோம். இந்த நிலையில் கத்தி வைத்தால் முழுவதையும் எடுக்க முடியாது. வெளியிலிருந்து கதிர்வீச்சும், அதன் வலிமையைக் கூட்ட வாரம் ஒருமுறை மருந்தும், கடைசியில் உள்ளிருந்து கதிர்வீச்சும் கொடுப்பதே முறை என்று விளக்கினார். ஊரிலிருந்து, "ஆபரேஷன் செய்யவில்லையா? கைவிட்டுவிட்டார்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதன் பின் அக்காளே தொலைபேசியில் பதில் சொன்னாள்.

சிகிச்சை இப்படி நடந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் ஒரு முறை கதிர்வீச்சு, மொத்தம் 25 தடவை. இயந்திரத்தின் கீழ்ப் படுத்திருப்பது சில நிமிடங்களே, வலியில்லை, சூடில்லை. ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அது நிறைந்தால்தான் குடல் மேலே ஒதுங்கிக் கதிரிலிருந்து தப்பும். ஆகவே முன்னதாகவே அளவாகத் தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே போகாமல் அடக்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வரிசை நீண்டுவிட்டால் அது ஒரு தவம். உடலில் இட்டிருக்கும் மைக்குறிகளைச் சோப்பிட்டு அழித்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை நரம்பு வழியே ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அதற்காக முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றுவதும், இரத்தம் சோதிப்பதும், வீட்டில் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்வதும் கட்டாயம். இந்த மருந்துக்கு இவ்வளவு தலைமயிர் உதிராது, குமட்டல்தான் அதிகம். மூன்றாம் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

இங்கேதான் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊரில் தேநீர்க்கடை நடத்துபவர். கடையைப் பூட்டிவிட்டு வந்தவருக்கு மும்பையில் மொழியும் தெரியாது, வழியும் தெரியாது. முதல் மூன்று வாரமும் கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சில சமயம் கோபம்கூட வந்தது. இன்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. நான்காம் வாரம் என் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அக்காளுடன் ஆஸ்பத்திரிக்குப் போய், இரவில் தையல் வேலையும் பார்த்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? அவள் படுத்த அன்று அத்தான் எழுந்து சமையலறைக்குள் போனார். குழையக் குழைய அரிசிக் கஞ்சி, நீர் மோர், ஆவியில் வெந்த இட்டிலி, காரமில்லாத பருப்புத் துவையல் என்று வயிற்றுக்கு இதமாகச் செய்தார். ஒரே வேளையாக ஊட்டாமல், கடையில் வாடிக்கையாளருக்குத் தேநீர் ஊற்றுவதுபோல இரண்டு மணிக்கு ஒருமுறை சிறு சிறு தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அக்காள் அதுவரை யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளியவள், இவர் கொடுத்ததைக் குடித்தாள். அவருக்கும் அழுகை நின்றது. இந்த வேலையை நாங்கள் முதல் நாளே அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு, கணவரை விருந்தாளியாக உட்கார வைத்தது என் இரண்டாம் தவறு.

மூன்றாவதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓடினேன், கணக்கெழுதினேன், ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோத்தேன், எழுத்தன் புத்தி வேறென்ன செய்யும்! ஆனால் அக்காளின் அருகில் வேலையில்லாமல் வெறுமே உட்கார்ந்தது மிகக் குறைவு. ஒரு நாள் அவளே, "தம்பி, அந்த நோட்டை மூடிவிட்டுக் கொஞ்சம் இங்கே உட்காரேன்" என்றாள். உட்கார்ந்தேன். அம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அம்மாவுக்கு என்ன நோய் என்று யாரும் கண்டுபிடிக்காமலே போய்விட்டது என்பதை அன்றுதான் முதல்முறையாக என்னிடம் சொன்னாள்.

பணத்தைப் பற்றி அன்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். மணமான சகோதரி ரயில்வே ஊழியனின் பாஸிலும் சேராள், மருத்துவ வசதியிலும் சேராள். ஆகவே பொதுப் பிரிவில் பதிவு செய்தோம். சிகிச்சைக் கட்டணம் நான் அஞ்சிய அளவு இல்லை. ஸ்கேன், இரத்தச் சோதனை, அலைச்சல், உணவு, பூட்டிக் கிடந்த கடை, நின்றுபோன பீடிக் கூலி, மனைவியின் தையல் வருமானம், இவைதான் சேர்ந்து பெரிதாயின. வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்தேன். அக்காள் தன் வளையல் இரண்டைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தாள். மனைவி அதை வாங்கிப் பெட்டியில் வைத்து, ஊருக்குத் திரும்பும் நாளில் எடுத்துப் போட்டு அனுப்பினாள். மருத்துவமனையில் சமூகநலப் பணியாளர்கள் என்று தனிப் பிரிவு உண்டு. கையில் பணமில்லாதவர்கள் வெட்கப்படாமல் முதல் வாரமே அங்கே போக வேண்டும். பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கும் முறையையும், தங்குமிடங்களின் விவரத்தையும் அவர்கள் சொல்வார்கள்.

விடுப்புக்குப் பட்ட பாடு தனிக் கதை. "அக்காளுக்கா? அவருக்குக் கணவர் இல்லையா?" என்று என் மேலதிகாரி ஒருவர் கேட்டார். விதிப்படி அவர் கேட்டது சரியாகவே இருக்கலாம். வாரம் இரண்டு நாள் விடுப்பும், மற்ற நாட்களில் சக ஊழியர்கள் என் மேசை வேலையைப் பகிர்ந்துகொண்டதுமாக ஒருவாறு சமாளித்தேன்.

எனக்குத் தெரிந்த துறையில் ஒன்றிரண்டு விவரங்கள். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் போனால் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதி வகுப்பிலும் நோயாளிக்குக் கட்டணமில்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு நூற்றுக்கு 75 பங்கு சலுகை. இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, குளிர்வசதி நாற்காலி வண்டிகளில் இருவருக்கும் 75 பங்கு. இரண்டடுக்கு, முதல் வகுப்புக் குளிர்வசதியில் இருவருக்கும் 50 பங்கு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உட்படப் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. மருத்துவமனை குறிப்பிட்ட படிவத்தில் கொடுக்கும் சான்றிதழோடு முன்பதிவுக் கவுண்டருக்கு நேரில் போக வேண்டும். மும்பைப் புறநகர் வண்டிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் சான்றிதழோடு ஏறலாம். கல்யாணிலிருந்து பரேலுக்கு மெதுவண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணிப் பயணம். காலை நெரிசலில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அக்காளை நான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கவே முடியாது.

ஜூலையில் ஒரு நாள் அந்த வண்டியும் நின்றது. குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன் நடுவழியில் நின்ற வண்டிக்குள், அடக்கிக்கொள்ள முடியாமல் தவிக்கும் அக்காளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைய கதிர்வீச்சு தவறியது. கடைசியில் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிவது நல்லது, நாள் தள்ளித் தள்ளிப் போனால் பலன் குறையும் என்று டாக்டர் எச்சரித்தார். செய்தி நம் சங்கத்துக்கு எட்டியது. சயான் கோலிவாடாவிலுள்ள அன்பர் ஒருவர் தம் வீட்டு முன்னறையைக் கேளாமலே ஒழித்துக் கொடுத்தார். கடைசி இரண்டரை வாரமும் அக்காளும் அத்தானும் அங்கே தங்கினார்கள். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

அவ்வாறு இடம் கிடைக்காதவர்களைப் பரேலில் தினமும் பார்த்தோம். தாதரில் சந்த் காட்கே மகாராஜ் தர்மசாலை போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் வருகிற கூட்டத்துக்கு எத்தனை அறை இருந்தாலும் போதாது. மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே பீகாரிலிருந்து வந்த ஒருவர் மகனோடு இருந்தார். மகனுக்கு எட்டு வயதிருக்கும். அத்தான் மாலையில் மீந்த இட்டிலியை அவர்களுக்குக் கொண்டுபோவார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான்காம் வாரம் அக்காளுக்கு இரத்தச்சோகை மிகுந்தது. இரத்தம் குறைந்தால் கதிர்வீச்சின் பலனும் குறையுமாம். இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள். இரத்தத்தை விலைக்கு விற்பது 1998 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. மனிதர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. சங்கத்து இளைஞர்களிடம் சொன்னேன். ஒன்பது பேர் வந்தார்கள்! ஒருவர் எடை 45 கிலோவுக்குக் குறைவென்று திருப்பி அனுப்பப்பட்டு, அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டே போனார். நம் பொங்கல் விழாவில் இசை நாற்காலிக்குச் சண்டையிடும் அதே பிள்ளைகள்தாம்.

எல்லாரும் இப்படி என்று சொல்ல முடியாது. அக்காள் வந்திருப்பது தெரிந்தபின் அண்டை வீட்டார் ஒருவர் தம் குழந்தையை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினார். உறவினர் ஒருவர் பார்க்க வந்து, எங்கள் தம்ளரில் காப்பி வாங்காமல் எழுந்து போனார். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ வராது. கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு வந்தவரின் உடம்பிலிருந்து கதிர் வீசுவதும் இல்லை. இயந்திரம் நின்றவுடன் எல்லாம் நின்றுவிடும். அந்த உறவினர் போனபின் என் மனைவி ஒன்றும் பேசாமல், அக்காள் குடித்து மீதி வைத்திருந்த மோரை எடுத்துக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள். பதினைந்து ஆண்டு மணவாழ்க்கையில் அவளைப் பற்றி நான் அறியாதது இன்னும் இருக்கிறது.

மருந்து சொன்னவர்களும் பலர். முள்சீத்தா இலைக் கஷாயம் என்றார் ஒருவர். இமயமலை மூலிகை என்றார் இன்னொருவர். ஊரிலிருந்து ஒரு பொட்டலம் தபாலிலேயே வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினோம். ஏற்கெனவே ஏறும் மருந்தே சிறுநீரகத்துக்குப் பாரம், அதன்மேல் இன்னதென்று தெரியாத பொடியைக் கொடுக்காதீர்கள் என்றார். அனுப்பியவரின் அன்பைக் கருதி, பொட்டலத்தைச் சாமி படத்தருகே வைத்தோம்.

உள்கதிர்வீச்சு கடைசியில் வந்தது. கருவி பொருத்தி, கதிர்ப்பொருளைச் சிறிது நேரம் உள்ளே செலுத்தித் திரும்ப எடுத்துவிடுவார்கள். அக்காள் மிகவும் அஞ்சியது இதற்குத்தான். என் மனைவி உடன் போனாள். சிகிச்சைக்குப் பின் பெண்கள் தங்கள் உடம்பைப் பேணவேண்டிய முறைகள் சிலவற்றை அங்குள்ள செவிலியர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவை இவ்விதழில் நான் எழுதத் தக்கவை அல்ல, ஆனால் அவசியமானவை. கூச்சத்தினால் கேளாமல் வந்துவிடாதீர்கள் என்று சகோதரிகளுக்குச் சொல்லும்படி மனைவி கட்டளையிட்டிருக்கிறாள். அவள் சொல்லச் சொன்னது இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் ஒரு கிருமியால் வரும் நோய் இது, எச்.பி.வி. என்ற அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போடுவது சிறப்பு. 2023 முதல் நம் நாட்டுத் தயாரிப்பாகவே கிடைக்கிறது. எங்கள் மகளுக்குப் போட்டாயிற்று. நடுவயதுப் பெண்கள் நோய்க்குறி எதுவும் இல்லாதபோதே ஒருமுறை சோதித்துக்கொள்வதும் உயிர் காக்கும். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவி, வெண்மை படர்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனைதான். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சியில், இச்சோதனையால் இந்நோய்ச் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென்று 2007-இல் வெளியிட்டார்கள். மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாட்டா மருத்துவமனையார் பல ஆண்டு நடத்திய ஆராய்ச்சியிலும் 31 பங்கு குறைந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் ஒரு பகல் பயணம்கூட இல்லை. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

ஆகஸ்டு மாதம் சிகிச்சை முடிந்தது. முடிந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தோம், அப்படி இல்லை. அக்காளுக்குக் களைப்பு தீர ஐந்தாறு மாதம் ஆயிற்று. சிறு வயிற்றுவலி வந்தாலும் திரும்பி வந்துவிட்டதோ என்று நடுங்குவாள். தொலைபேசி மணி அகாலத்தில் அடித்தால் நானும் நடுங்குவேன். முதல் இரண்டாண்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இப்பொழுது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளியிருக்கிறார்கள். இதுவரை நோய் திரும்பியதற்கு அடையாளம் இல்லை என்றே எழுதுகிறார்கள். "குணமாகிவிட்டது" என்ற சொல்லை இன்னும் எழுதவில்லை. ஐந்தாண்டு போகட்டும் என்கிறார்கள்.

சென்ற முறை அவர்கள் வந்தபோது கல்யாண் நடைமேடையில் அதிகாலையில் காத்திருந்தேன். அக்காள் கருப்பட்டி மூட்டையோடு இறங்கினாள். பயணச்சீட்டைக் கையில் எடுத்து, தன் பெயருக்கு நேரே கட்டணம் இல்லாததைக் காட்டி, "தம்பி, உன் ரயில் எனக்கு இன்னும் ஓசியில்தான் இடம் கொடுக்கிறது. ஒருநாள் முழுக் காசு கொடுத்து ஏறி உன் வீட்டுக்கு விருந்தாளியாக வரவேண்டும்" என்றாள். அத்தான், "அப்போதும் நான்தான் சமைப்பேனா?" என்று கேட்டார். அடுத்த பரிசோதனை தை மாதம். முன்பதிவு தொடங்கும் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்.